நிலவில் டீக்கடை: ஒரு மறுப்பு

விண்வெளி ஆராய்ச்சியைப் பற்றித் தொலைக்காட்சியிலும் மேடையிலும் எழுகின்ற பரிகாசம் எதுவாயினும், அது விஞ்ஞானிகளை அவமதிப்பதும், தேசத்தின் கௌரவத்தைக் குலைப்பதும், படிக்கின்ற பிள்ளைகளின் உள்ளத்தில் அறிவின்மீது அரும்பியுள்ள மதிப்பைக் கருகச் செய்வதுமாகும் என்றோர் அபிப்பிராயம் சில ஆண்டுகளாக நம்மிடையே வலுத்து வருகிறது. மதுரையில் ஆசிரியர்கள் கூடும் இடங்களிலும், மாசி வீதிகளின் கடை வாசல்களில் நடக்கும் மாலைப் பேச்சிலும் இதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். சொல்பவர்கள் நல்லவர்கள், நாட்டின்மீது மெய்யான பற்றுடையவர்கள். ஆயினும் அவர்கள் சொல்வது பிழை என்பதும், அங்கதம் என்னும் கலையின் உபாயங்களை இனங்காணத் தவறுவதிலிருந்தே அந்தப் பிழை பிறக்கிறது என்பதும், அதனால் விளையும் கேடு ஹாஸ்யத்தைவிட விஞ்ஞானத்துக்கே அதிகம் என்பதும் என் துணிபு.

அவர்கள் முதலில் எடுத்துக்காட்டும் சம்பவம் ஒன்று உண்டு. 2023 ஆகஸ்டு 20ஆம் தேதி, சந்திரயான்-3 நிலவில் இறங்குவதற்கு மூன்று நாட்களுக்கு முன்னர், நடிகர் பிரகாஷ் ராஜ் ஒரு கேலிச்சித்திரத்தை இணையத்தில் வெளியிட்டார். சட்டையும் லுங்கியும் அணிந்த ஒருவன் தேநீரைத் தூக்கி ஆற்றிக்கொண்டிருக்கிறான். விக்ரம் கலம் நிலவிலிருந்து அனுப்பிய முதல் படம் இது என்பது அதனுடன் வந்த குறிப்பு. பெருங்கூச்சல் எழுந்தது. கர்நாடகத்தின் பாகல்கோட்டை மாவட்டத்தில் காவல் நிலையத்துக்கே புகார் போயிற்று. ஆர்ம்ஸ்ட்ராங் காலத்துப் பழைய சிரிப்புத் துணுக்கு ஒன்றை நினைவூட்டியதன்றித் தாம் வேறொன்றும் செய்யவில்லை என்று அவர் விளக்கம் தந்தார்; கேட்பாரில்லை.

அந்தத் துணுக்கு நம் பக்கத்தில் யாருக்குத் தெரியாது? 1969இல் ஆர்ம்ஸ்ட்ராங் நிலவில் காலெடுத்து வைத்தபோது, அங்கே ஒரு நாயர் ஏற்கெனவே டீக்கடை போட்டுப் பாலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார் என்பது, கல்யாண வீட்டுப் பந்தியிலும் பட்டிமன்ற மேடையிலும் மூன்று தலைமுறையாகச் சொல்லப்பட்டு வருவது. இதில் கையாளப்படும் உபாயத்தைச் சற்றே பிரித்துப் பார்ப்போம். மிகைப்படுத்தல் என்பது வெளிப்படை. ஆனால் எது மிகைப்படுத்தப்படுகிறது என்று கேட்க வேண்டும். பிழைப்புத் தேடி உலகின் எந்த மூலைக்கும் சென்று அடுப்பு மூட்டிவிடும் மலையாளியின் சாமர்த்தியம் மிகைப்படுத்தப்படுகிறது. எது குறைக்கப்படுகிறது என்று அடுத்துக் கேட்டால், நானே முதல்வன் என்று மார்தட்டும் வல்லரசின் பெருமிதம் குறைக்கப்படுகிறது. நிலவுக்குச் செல்லும் விஞ்ஞானம் இந்தத் துணுக்கில் குறைபடவே இல்லை; அது இல்லாவிட்டால் நாயர் அங்கே போய்ச் சேர்ந்ததன் அருமையும் இல்லை. நிந்தனை என்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால் அது ஆர்ம்ஸ்ட்ராங்கைச் சேர வேண்டியது.

பிரகாஷ் ராஜின் சித்திரம் சிறந்த ஹாஸ்யம் என்று நான் வாதிக்க வரவில்லை. 2019இல் முந்தைய கலம் நொறுங்கிய ஞாபகம் ஆறாமல், நூற்று நாற்பது கோடி ஜனங்கள் நெஞ்சு படபடக்கக் காத்திருந்த வாரம் அது. தேநீர் விற்றவர் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் ஒருவர் பிரதமராய் இருக்கையில், அந்த உருவம் யாரைக் குறிக்கிறது என்ற ஐயம் எழுவதும் இயல்பே. சமயம் அறியாமலும், இலக்கைத் தெளிவுறுத்தும் சாடை இல்லாமலும் வந்தமையால் அது கலையில் தோற்ற முயற்சி. ஆனால் தோற்ற ஹாஸ்யம் வேறு, தேசத்துரோகம் வேறு. முன்னதைப் பின்னதாகக் கொண்டு காவல் நிலையம் ஏறுவது, கவிதையில் தளை தட்டினால் கவிஞனைச் சிறையிலடைக்கச் சொல்வதை ஒக்கும்.

இந்த வேற்றுமையைத் தமிழர்களுக்கு ஒருவர் புதிதாகக் கற்பிக்க வேண்டியிருப்பதுதான் வியப்பு. செம்பொருள் அங்கதம் என்றும் பழிகரப்பு அங்கதம் என்றும் இரண்டாக வகுத்து, வெளிப்படையாக வைவதையும் மறைத்து வைவதையும் இலக்கணத்துக்குள் கொண்டுவந்து வைத்த தொல்காப்பியம் நம்முடையது. தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலுள் நின்று, இவை மாலை சூடி நெய்பூசப் பெற்றுக் காவலுடைய மனையில் அழகாக இருக்கின்றன, என் தலைவன் அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்று ஔவையார் சொன்னதைப் புறநானூற்றில் படிக்கிறோம். சொல்லளவில் அது தொண்டைமானுக்குப் புகழ். பொருளளவில் போர் காணாத அவன் படையின்மீது எறிந்த கல். அங்கதத்தில் பெயர் சொல்லப்படும் பொருளும் அடிபடும் பொருளும் ஒன்றாயிருக்க வேண்டிய நியதி இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஔவையார் வேல்களைப் பேசினார், வேல்கள் அடிபடவில்லை. விண்கலத்தைப் பேசுகிறவனின் அடி விண்கலத்தின்மீதுதான் விழுகிறது என்று நாம் ஏன் முன்கூட்டியே முடிவு கட்டுகிறோம்?

அயல்நாட்டுத் தொலைக்காட்சியைப் பாருங்கள் என்பார்கள். அங்கே விஞ்ஞானத்தைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டார்களாம். பார்ப்போம். அமெரிக்கர்களின் தி சிம்ப்சன்ஸ் என்னும் கேலிச்சித்திரத் தொடரில், அணுமின் நிலைய ஊழியனாகிய ஹோமர் என்னும் சோம்பேறி விண்வெளிக்கு அனுப்பப்படும் கதை 1994இல் ஒளிபரப்பாயிற்று. ராக்கெட் ஏவும் காட்சியைத் தொலைக்காட்சியில் யாரும் பார்ப்பதில்லையே என்று நாசா கவலைப்பட்டு, ஜனங்களைக் கவர்வதற்காக ஒரு சராசரி மனிதனைத் தேடுவதுதான் கதையின் வித்து. நிலவில் இரண்டாவதாக நடந்த பஸ் ஆல்டிரின் தம் சொந்தக் குரலையே அந்தக் கதைக்கு வழங்கினார். விஞ்ஞானத்துக்கு அவமதிப்பு என்றால் அவருக்கன்றோ முதலில் சுட்டிருக்க வேண்டும்? அவருக்குச் சுடவில்லை; ஏனெனில் அந்தக் கேலியின் இலக்கு தாம் அல்லர் என்பதும், சாதனையைக்கூட வேடிக்கையாக மட்டுமே பார்க்கத் தெரிந்த சமூகம்தான் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

அது வெறும் கற்பனையுமன்று. 1970 ஏப்ரல் 13ஆம் தேதி அப்பல்லோ-13 விண்கலத்திலிருந்து மூன்று வீரர்கள் தங்கள் கலத்தின் உள்ளே சுற்றிக் காட்டி ஓர் ஒளிபரப்பு நடத்தினார்கள்; அமெரிக்காவின் பெரிய தொலைக்காட்சி நிறுவனங்கள் மூன்றில் ஒன்றுகூட அதை நேரலையில் காட்டவில்லை. நிலவுப் பயணம் அவர்களுக்குப் பழகிப் புளித்துவிட்டது. ஒளிபரப்பு முடிந்து சில நிமிடங்களில் பிராணவாயுக் கலம் வெடித்தது. அதன்பிறகே உலகம் முழுவதும் கண்ணை இமைக்காமல் பார்த்தது. ஆபத்து வந்தால்தான் விஞ்ஞானியைத் திரும்பிப் பார்ப்போம் என்கிற அந்த மனோபாவத்தை உபதேசம் செய்து சுட்டிக்காட்டினால் யார் செவிசாய்ப்பார்கள்? ஹோமரைக் கலத்தில் ஏற்றிக் காட்டியபோது சிரித்துக்கொண்டே ஜனங்கள் தங்களைத் தாங்களே கண்டார்கள்.

2020இல் வெளிவந்த ஸ்பேஸ் ஃபோர்ஸ் என்ற தொடரும் இத்தகையதே. புதிதாக ஒரு விண்வெளிப் படையை அமைக்கும் அரசின் அவசரமும், தளபதியின் வீறாப்பும் அதில் நகைப்புக்கு உள்ளாகின்றன. தலைமை விஞ்ஞானியாக வரும் பாத்திரமோ, இப்போது வேண்டாம், பொறுங்கள் என்று எச்சரித்து நிற்கும் விவேகி. இது மிகச் சிறந்த தொடர் என்று சொல்ல மாட்டேன். பல இடங்களில் இழுவை. எனினும் ஒன்றை அது பிரத்தியட்சமாய்க் காட்டுகிறது. விண்வெளி பற்றிய ஹாஸ்யத்தில் ஆணையிடுகிறவன், செலவுக் கணக்கைத் திரிக்கிறவன், புகழை அபகரிக்க வருகிறவன், பொறுப்பில்லாமல் வேடிக்கை பார்க்கிறவன் ஆகியோரே பெரும்பாலும் அடிபடுகிறார்கள். விஞ்ஞானி பெரும்பாலும் அடிபடாமல் நடுவே நிற்கிறான்.

ஆங்கிலம் படித்தவர்களுக்கு இதெல்லாம் விளங்கலாம், நம் பாமர ஜனங்களுக்கு விளங்குமா, அவர்கள் கேலியை அப்படியே மெய்யென்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா என்பது இவர்களின் அடுத்த ஆக்ஷேபம். இதைக் கேட்கும்போதுதான் எனக்கு உண்மையில் வருத்தம் உண்டாகிறது. ஏனெனில் மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களை அறிந்தவர் எவரும் இதைச் சொல்ல மாட்டார். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவிய காலத்திலிருந்து, அவர் வகுத்துத் தந்த நாடகங்களைத் திருவிழாதோறும் இரவெல்லாம் விழித்திருந்து பார்த்துப் பழகிய மண் இது. இன்றும் ஸ்பெஷல் நாடகம் வைத்தால், வள்ளியும் முருகனும் மேடைக்கு வருவதற்கு முன்னர் பபூன் வருவான். ஆர்மோனியக்காரரைப் பேச்சுத் துணையாக வைத்துக்கொண்டு, ஊர் நடப்பையும் உலக நடப்பையும் அவன் அலசுவதுதான் நாடகத்தின் முதல் அங்கம்.

மேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், சந்திரயான்-3 இறங்கியதற்குப் பின்வந்த திருவிழா ஒன்றில் நான் அப்படி ஒரு பபூனைக் கேட்டேன். நெற்றியில் கோணலாகச் சாத்திய தொப்பியும் முழங்காலுக்கு மேலே நின்ற கால்சட்டையுமாக வந்தவன், ஆர்மோனியக்காரரைப் பார்த்து, “அண்ணே, நிலாவுல தண்ணி இருக்காம்ல?” என்று தொடங்கினான்.

“ஆமாய்யா, நம்ம ஆளுக விட்ட ராக்கெட்டுதான் கண்டுபிடிச்சுச்சு.”

“எம்புட்டுத் தூரம்ணே இருக்கும்?”

“மூணே முக்கால் லட்சம் கிலோமீட்டருக்கு மேலய்யா.”

“அம்புட்டுத் தூரத்துல கெடக்குற தண்ணி தெரியுது. இந்தா, பந்தலுக்குப் பின்னாடி கெடக்கு நம்ம கம்மா. மடை ஒடஞ்சு கெடக்குறது ஆபீஸ்ல இருக்குறவுகளுக்குத் தெரியலையேண்ணே! கம்மாயைத் தூக்கி நிலாவுல வச்சாத்தேன் பாப்பாகளோ?”

பந்தல் அதிர்ந்தது. முன்வரிசையில் மாலை மரியாதையோடு அமர்ந்திருந்த ஊர்ப் பிரமுகர்கள் தங்கள் துண்டைச் சரிசெய்துகொண்டார்கள். என் அருகில் சாக்கை விரித்து அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், “வச்சான் பாரு, வய்க்க வேண்டிய எடத்துல!” என்றார். இஸ்ரோவை இவன் இழிவுபடுத்துகிறான் என்று அந்த ஆயிரம் பேரில் ஒருவர்கூட எண்ணவில்லை. நிலவின் தண்ணீர் இங்கே அளவுகோல். கண்மாயின் மடைதான் அளக்கப்படும் பொருள். மிகத் தொலைவிலுள்ளதை மிக அண்மையிலுள்ளதன் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, இரண்டுக்கும் இடையே உள்ள முரணை மட்டும் காட்டிவிட்டு, மீதியைக் கேட்பவன் நெஞ்சுக்கு விட்டுவிடும் உபாயம் அது. 2008 அக்டோபர் 22இல் ஏவப்பட்ட சந்திரயான்-1 நிலவில் நீரின் தடயத்தைக் காட்டியது மெய்யாகவே அரும்பெரும் செயல் என்று அந்தப் பபூன் ஒப்புக்கொண்ட பிறகே அவனுடைய கேலி நிற்க முடிகிறது. அது சிறிய செயலென்றால் ஒப்புமையே விழுந்துவிடும். விஞ்ஞானத்தை அவன் உயர்த்திப் பிடித்ததனால்தான் அலுவலகம் தாழ்ந்து தெரிந்தது.

இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்வேன். ஏழை நாட்டுக்கு ராக்கெட் எதற்கு என்று நகரத்து வரவேற்பறைகளில் கேட்கப்படும் சோம்பேறிக் கேள்விக்கும் இந்தப் பபூனின் கேள்விக்கும் வெகுதூரம் உண்டு. 1988 மார்ச் 17இல் ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ்.-1ஏ முதற்கொண்டு நம் தொலையுணர்வுச் செயற்கைக்கோள்கள் நிலத்தையும் நீரையும் பயிரையும் வானிலிருந்து படமெடுத்து வருகின்றன. எந்த ஏரியில் நீர் நிற்கிறது, எது மேடிட்டுப் போயிற்று என்பது வானத்துக்குத் தெரியும். மேலேயிருந்து வந்த செய்தியைக் கீழேயிருப்பவர்கள் பயன்படுத்தவில்லை என்பதுதான் குறை. நாடகப் பந்தலில் நின்ற படிக்காத கலைஞன் கேள்வியைச் சரியான வாசலில் கொண்டுபோய் வைத்தான். படித்தவர்களோ அவன் பேச்சில் ராக்கெட் என்ற சொல்லைக் கேட்டமாத்திரத்தில் ராக்கெட்டுக்குக் காவல் நிற்க ஓடுகிறார்கள்.

தொலைக்காட்சி நகைச்சுவை இந்த மரபுக்கு அந்நியமானதன்று. கலக்கப் போவது யாரு, அசத்தப் போவது யாரு முதலிய நிகழ்ச்சிகளில் மதுரை முத்து போன்றோர் நின்று பேசிய பேச்சிலும், சாலமன் பாப்பையா நடுவராய் அமர்ந்த பட்டிமன்றங்களிலும் அந்தப் பபூனின் மூச்சுக் காற்று இருக்கிறது. மதுரையில் பிறந்த வடிவேலு, கிணற்றைக் காணோம் என்று காவல் நிலையத்தில் புகார் கொடுக்கும் காட்சியை எத்தனை முறை தொலைக்காட்சியில் பார்த்திருப்போம்! அதிகாரத் தஸ்தாவேஜில் எழுதியிருப்பதை எழுத்துக்கு எழுத்து மெய்யென்று ஏற்றுக்கொண்டு, ஏற்றுக்கொண்ட பாவனையிலேயே அதன் பொய்யை உடைப்பது அங்கதத்தின் மிக நுட்பமான உபாயங்களுள் ஒன்று. அதைக் கண்டு சிரித்த எந்தக் குடியானவனும் கிணறு வெட்டுவதை நிந்திக்கிறார்கள் என்று கோபித்துக்கொள்ளவில்லை.

பரிகாசம் அனைத்தும் நல்லதே என்பது என் கட்சியன்று. 2013 நவம்பர் 5இல் புறப்பட்டு, 2014 செப்டம்பர் 24இல் மங்கள்யான் செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்தபோது, நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை ஒரு கேலிச்சித்திரம் வெளியிட்டது. மேட்டுக்குடி விண்வெளிச் சங்கம் என்று பொறித்த அறைக்குள் இரண்டு கனவான்கள் அமர்ந்திருக்கிறார்கள். தலைப்பாகை கட்டிய விவசாயி ஒருவன் பசுமாட்டைப் பிடித்துக்கொண்டு கதவைத் தட்டுகிறான். கண்டனம் எழுந்தது, பத்திரிகையின் ஆசிரியர் பொறுப்பிலிருந்தவர் மன்னிப்புக் கோரினார். விண்வெளி இனிமேல் செல்வந்த மேற்கு நாடுகளின் தனிச்சொத்து ஆகாது என்று காட்டுவதே சித்திரக்காரரின் நோக்கம் என்றும் சொல்லப்பட்டது. நோக்கம் அதுவாகவே இருக்கட்டும். அந்தச் சித்திரத்தின் குற்றம் உபாயத்தில் இருக்கிறது. எள்ளப்பட வேண்டியவர்கள் உள்ளே அமர்ந்திருக்கும் கனவான்கள் என்றால், கோணல்மாணலாக வரையப்பட வேண்டியவர்களும் அவர்களே. ஆனால் தூரிகை அவர்களுக்குச் சௌகரியமான நாற்காலியைக் கொடுத்து, நம்மவனுக்கு மாட்டைக் கொடுத்தது. இலக்கு ஒன்றாயிருக்க, கல் மற்றொன்றின்மீது விழுந்தது.

இங்கே மாடு இழிவு என்று எண்ணிவிடவும் கூடாது. 1981இல் ஆப்பிள் செயற்கைக்கோளை, உலோக வண்டியில் ஏற்றினால் ஆன்டெனாச் சோதனை கெடும் என்பதற்காக, நம் விஞ்ஞானிகள் மாட்டு வண்டியில் ஏற்றிவைத்துச் சோதித்தார்கள். அந்தப் புகைப்படத்தைப் பார்த்து நாம் பூரிக்கிறோம். மாடு ஒன்றே, மரியாதை வேறு. எந்தப் பொருள் காட்டப்படுகிறது என்பதைக் கொண்டு அவமதிப்பைத் தீர்மானிக்க முடியாது. யார் எந்த இடத்தில் நின்று அதைக் காட்டுகிறார்கள், அதன் பாரம் யார் தலையில் இறங்குகிறது என்பதைக் கொண்டே தீர்மானிக்க முடியும். விண்வெளி பற்றிய கேலியெல்லாம் குற்றம் என்று ஒட்டுமொத்தமாகத் தீர்ப்பளிப்பவர்கள், மெய்யாகவே கண்டிக்கத்தக்க இச்சித்திரத்தையும் மேலூர்ப் பபூனையும் ஒரே கூண்டில் ஏற்றிவிடுகிறார்கள். அப்புறம் எதையும் கண்டிக்கும் தகுதி அவர்களுக்கு எங்கே இருந்து வரும்?

அங்கதம் விஞ்ஞானத்தின் பக்கம் நின்று போராடிய சந்தர்ப்பங்களை இவர்கள் மறந்தும் சொல்வதில்லை. 2022 ஜூன் மாதம், ராக்கெட்ரி படத்தின் விளம்பரத்துக்காகப் பேசிய நடிகர் மாதவன், பஞ்சாங்கத்தின் துணையால் செவ்வாய்க் கலம் தன் பாதையை அடைந்தது என்ற கருத்துப்படச் சொன்னார். அதற்குச் சங்கீத வித்துவான் டி.எம். கிருஷ்ணா, இத்துணை இன்றியமையாத தகவலை இஸ்ரோ தன் இணையதளத்தில் வெளியிடவில்லையே என்று வருந்துபவர்போல எழுதினார். ஔவையாரின் உபாயம் அது. எதிராளியின் கூற்றை ஏற்றுக்கொண்ட பாவனையில் அதன் பொருந்தாமையை வெளிச்சத்துக்கு இழுப்பது. மாதவனும் பெருந்தன்மையுடன் தம் தவறை ஒப்புக்கொண்டார். பல மாத உழைப்பிலும் கணிதத்திலும் பெற்ற வெற்றியைப் பஞ்சாங்கம் கொண்டுபோக விடாமல் விஞ்ஞானிகளுக்கே மீட்டுத் தந்தது எது? நாம் இப்போது தடைசெய்யச் சொல்கின்ற அந்தக் கேலிதான்.

பிள்ளைகளின் ஆர்வம் கெடும் என்ற வாதம் ஒன்று எஞ்சியிருக்கிறது. 2019 செப்டம்பர் 7ஆம் தேதி அதிகாலையில் சந்திரயான்-2இன் விக்ரம் கலம் தொடர்பை இழந்தது. துக்கம் கவிந்திருந்த அந்த நாட்களில், நாகபுரிப் போலீசார், விக்ரமே, தயவுசெய்து பதில் சொல், சிக்னலை மீறியதற்காக உனக்கு அபராதம் போட மாட்டோம் என்ற பொருளில் ஒரு செய்தி வெளியிட்டார்கள். நாடு அழுதுகொண்டே சிரித்தது. அந்தச் சிரிப்பில் அன்பைத் தவிர வேறு எதையேனும் கண்டவர் உண்டா? அதே மாதங்களில்தான் மதுரையைச் சேர்ந்த பொறியாளர் சண்முக சுப்பிரமணியன், சென்னையில் தம் வேலைக்கு நடுவே, நாசாவின் நிலவுச் சுற்றுக்கலம் எடுத்த படங்களைப் பழைய படங்களோடு புள்ளி புள்ளியாக ஒப்பிட்டு, நொறுங்கிய கலத்தின் சிதறல் ஒன்றைக் கண்டுபிடித்தார். 2019 டிசம்பரில் நாசா அதை உறுதிசெய்து அவர் பெயரையும் அறிவித்தது. தேசமெங்கும் விக்ரமைப் பற்றிக் கேலித் துணுக்குகள் பறந்துகொண்டிருந்த காலத்தில் ஓர் இளைஞன் இரவுகளைச் செலவிட்டு அதைத் தேடினான் என்றால், கேலி ஆர்வத்தை அழித்துவிடும் என்ற கூற்றுக்கு ஆதாரம் என்ன?

நிகழ்ச்சிக்கு முன்னால் இது யாரையும் புண்படுத்தும் நோக்கமுடையதன்று என்று எழுத்தில் போட்டுவிட்டால் போதும் என்போரும் உண்டு. போடட்டும், அங்கதத்தை இனங்காணத் தெரிந்தவனுக்கு அது வேண்டியதில்லை, தெரியாதவனுக்கு அது உதவுவதில்லை. செய்ய வேண்டிய காரியம் பள்ளியில் இருக்கிறது. வஞ்சப் புகழ்ச்சி அணியை விளக்குக என்று கேட்டு நம் தமிழ் வினாத்தாள்கள் ஆண்டுதோறும் மதிப்பெண் வழங்குகின்றன. மாணவன் பழைய செய்யுளை எழுதிவிட்டு அன்று மாலையே தொலைக்காட்சியின் முன் அமர்ந்து அதே அணியைக் காண்கிறான், கண்டது இன்னதென்று அறியாமலே எழுந்து போகிறான். மதுரைக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகளாவது ஔவையாரின் பாட்டுக்குப் பக்கத்தில் நாயர் டீக்கடைத் துணுக்கையும் அந்த அமெரிக்கச் சித்திரத்தையும் வைத்து, இவற்றுள் இகழப்படுவது யார், புகழப்படுவது யார், எதனால் அவ்வாறு சொல்கிறாய் என்று மாணவனைக் கேட்கட்டும். வருகிற கல்வியாண்டிலேயே அதைத் தொடங்குவதற்கு எந்த அரசாணையும் வேண்டியதில்லை.